சம்பந்தி வீட்டுக் கோழிக்கூட்டில் என் கை

வலது கை தோள்பட்டை வரை கோழிக்கூட்டுக்குள் இருந்தது. கன்னம் கூட்டின் பலகையோடு ஒட்டியிருந்தது. மூக்கு முழுக்க எச்ச நெடி. உள்ளே விரல்கள், கோழிகள் அடைய உட்காரும் குறுக்குக் கம்பின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது.

சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் எனக்காகப் போட்டுக் கொண்டுவந்த காபி.

“முட்டை வேணும்னா கேட்டா நான் குடுக்க மாட்டனாண்ணே,” என்றார்.

முப்பத்து நான்கு வருட போலீஸ் வேலையில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவன் முகம் எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அந்த முகத்தை நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

இது நடந்து ரொம்ப நாள் ஆகிவிடவில்லை. மாம்பழ வரத்து ஓய்ந்து, மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று இறங்க ஆரம்பித்திருந்த சமயம்.

கேட்கக் கூடாத கேள்வி

நான் ராஜபாளையத்துக்காரன். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் டியூட்டி. இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். போன வாரம் வரை படித்தவர்களுக்கு இதற்கு மேலேயே தெரிந்துவிட்டது என்று என் மனைவி பாக்கியம் குறைப்படுகிறாள்.

எங்கள் ஒரே மகள் கார்த்திகாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். வடக்கே எங்கேயோ பனியில் நின்றுகொண்டு, சிக்னல் கிடைக்கிறபோது வீடியோ காலில் முகம் காட்டுவார். அவருடைய அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக, அந்த வீட்டில் இருப்பது மாப்பிள்ளையின் அம்மா ராமலட்சுமி ஒருவர் மட்டுமே.

முறைப்படி அவர் எனக்குத் தங்கச்சி, பாக்கியத்துக்கு மதினி. முறைதான் அப்படி. பேச்சு என்று பார்த்தால் மூன்று வருடமாக ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’, ‘தம்பி போன் போட்டானா’ என்ற மூன்றைத் தாண்டியதில்லை.

பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அது மகள் தலையில்தான் வந்து விடியும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தாய்ப்பாலோடு சேர்ந்து வந்த புத்தி.

அதனால்தான் ஊர்த் திருடர்களையெல்லாம் கேள்வி கேட்ட நான், ராமலட்சுமி அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் நாள்கணக்கில் திண்டாடினேன். ‘உங்க கோழிக்குச் செள்ளு இருக்கா?’ அவ்வளவுதான் கேள்வி.

இரவல் வந்த அடைக்கோழி

கார்த்திகா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நாட்டுக்கோழி முட்டை வேண்டும், பெற்றெடுத்த பிறகு நாட்டுக்கோழி ரசம் வேண்டும் என்று பாக்கியம் மூன்று பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கிப் போட்டாள். ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையில் ஒரு கூடும் அடித்தோம். கூட்டை வைக்கத் தோதான இடம் என்று, பின்பக்கத்து அறையின் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். அந்த அறையில்தான் பிற்பாடு தொட்டில் கட்டினோம். அப்போது அது தோன்றவில்லை.

மூன்று பெட்டைகளும் முட்டை போடுவதில் கெட்டி. அடை படுக்கச் சொன்னால் மட்டும் ஒன்றுகூட உட்காராது. முட்டையைப் போட்டுவிட்டு, ஆபீஸ் முடிந்ததுபோல் எழுந்து போய்விடும்.

இதைக் கேள்விப்பட்ட சம்பந்தியம்மா தன்னுடைய சாம்பல் நிறக் கோழியை நார்ப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் தானே கொண்டுவந்து கொடுத்தார். அடைக்கோழி இரவல் கொடுப்பது எங்கள் பக்கம் உண்டு. குஞ்சு பொரித்ததும் கோழியோடு பாதிக் குஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் முறை.

பதின்மூன்று முட்டையில் பதினொன்று பொரித்தது. ஆறு அவர்களுக்கு, ஐந்து எங்களுக்கு. பதினொன்றைச் சரிபாதியாக வகுக்க முடியாது. அப்படி வருகிற இடத்தில் பெண் வீட்டார் ஒன்றைக் குறைத்துக்கொள்வது மரியாதை.

குஞ்சுகள் போன கையோடு பேத்தி பிறந்தாள். பிள்ளைக்கு மூன்று மாதமானபோது சாம்பல் கோழி இரண்டாவது முறையும் அடைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் விவகாரம்.

முருங்கையில் ஏறிய கோழிகள்

முதலில் கோழிகள் பொழுது சாய்ந்தும் கூட்டுக்குள் போக மறுத்தன. முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. குச்சியால் தட்டி இறக்கிக் கூட்டுக்குள் தள்ளினால், காலையில் திறந்ததும் ஜெயில் கதவு திறந்ததுபோல ஓடின. கொண்டைகள் வெளுத்துக்கொண்டே வந்தன. கடைசியில், உயிரே போனாலும் முட்டையை விட்டு எழுந்திருக்காத சாம்பல் கோழியே ஒருநாள் எழுந்து தள்ளி நின்றது.

பாக்கியம் முட்டையை எடுத்துப் பார்த்தாள். முட்டை மேல் கேழ்வரகு மாவைத் தூவியதுபோல என்னவோ ஊர்ந்தது. விரலால் தேய்த்தால் ரத்தம்.

செள்ளு. கோழிப்பேன் என்று சில ஊர்களில் சொல்வார்கள்.

கூட்டைத் துடைத்தோம், வேப்பிலை போட்டோம், கோழிகளைப் பிடித்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினோம். கோழிகள் நெய்யில் பொரித்தெடுத்த மாதிரி பளபளவென்று அலைந்தன. நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடி முருங்கையில் ஏறிவிட்டன.

அதற்குள் பேத்தியின் முன்கையில் சிவப்புச் சிவப்பாக ஐந்தாறு பொட்டுகள். நாலு மாதத்துப் பிள்ளை. பொட்டு ஒவ்வொன்றையும் நான் தடவித் தடவிப் பார்த்தேன். கொசுக்கடி என்றாள் கார்த்திகா. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சுவரில், ஜன்னல் கட்டைக்குக் கீழே, புள்ளி புள்ளியாக வரிசை ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. அன்றே கூட்டைத் தூக்கித் தோட்டத்துக் கோடியில் போட்டேன்.

சாட்சிக்கு வந்த கோழி

கோழிக்கும் எனக்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. இடையில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட் டியூட்டியில் சேர்ந்த புதிதில் ஒரு கோழித் திருட்டு வழக்கு வந்தது. களவு போன பெட்டைக் கோழி உயிரோடு பிடிபட்டதால், வழக்குச் சொத்தாக அதையும் கோர்ட்டில் ஆஜர் செய்தோம். வாய்தா தள்ளிப்போனது. அதுவரை கோழியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மறுநாள் கோழி முட்டையிட்டுவிட்டது. கூட இருந்த போலீஸ்காரர் ஒருவர் கடாயை அடுப்பில் வைத்தே விட்டார். நான் விடவில்லை. வழக்குச் சொத்து போட்ட முட்டையும் வழக்குச் சொத்துதான் என்று பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தேன். அடுத்த வாய்தாவுக்குள் ஐந்து முட்டை சேர்ந்துவிட்டது. ஐந்தையும் நீதிபதி முன்னால் வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

அன்றிலிருந்து கோர்ட்டில் எனக்கு ‘முட்டை ஏட்டு’ என்று பெயர். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

சாம்பல் கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கோழியின் இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, எங்கள் வைத்தியம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கோழிக்கு எண்ணெய் தேய்த்து என்ன பிரயோஜனம், செள்ளு பகலில் கோழி மேலேயே இருக்காது என்றார். பலகை இடுக்கிலும் கம்பின் முனையிலும் பதுங்கியிருந்து, இருட்டியதும் ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். மனிதர்களையும் கடிக்கும், ஆனால் மேலே குடியிருக்காது, பிள்ளையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், கடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வைத்தியம் கூட்டுக்குத்தான். இடுக்கெல்லாம் கொதிக்கிற வெந்நீர், அதன்மேல் அவர் தருகிற மருந்து, காய்ந்த பிறகு சுண்ணாம்பு. முட்டை பொரித்துப் புதுசு கிளம்பும் என்பதால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை செய்ய வேண்டும்.

எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“இந்தக் கோழி வேற எங்கயும் போயிட்டு வருதா?”

சம்பந்தி வீட்டுக் கோழி அது என்றேன்.

“அங்கயும் அதே நாள்ல பண்ணனும் சார். இல்லைன்னா நீங்க இங்க விரட்ட, அது அங்கேருந்து வரும்.”

வீட்டில் நடந்த விசாரணை

அன்று வீட்டில் மூன்று பேர் கூடிப் பேசினோம். எந்தக் கூட்டிலிருந்து எந்தக் கூட்டுக்கு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் பெட்டைகளும் சந்தைக் கோழிகள்தான். அவற்றிடமிருந்துகூட சாம்பல் கோழிக்குத் தொற்றியிருக்கலாம். ஆனால் போய்க் கேட்டால், ‘உன் வீட்டுக் கோழி சுத்தமில்லை’ என்றுதான் அர்த்தமாகும்.

ஐந்தாம் மாதம் பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பேத்தியை அந்த வீட்டுக்கு அனுப்புவதாக நாள் குறித்தாகிவிட்டது. பத்து நாள்தான் இருந்தது. அங்கேயும் கூட்டில் செள்ளு இருந்தால், பிள்ளையைத் தெரிந்தே கொண்டுபோய்க் கடிபட விடுவதா? இல்லை, நாளைத் தள்ளிப் போடுவதா? என்ன காரணம் சொல்வது?

கார்த்திகா தான் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே கைகழுவிவிட்டாள். “நாளைக்கு நான்தான் அத்தைகூட இருக்கணும்,” என்றாள். அதில் நியாயம் இருந்தது.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். “நீங்களும் வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டுறாதீக. போலீஸ்காரர்தான, கேக்காமக் கண்டுபிடிச்சிட்டு வாங்க.”

அப்படித்தான் கோர்ட்டில் ஒரு ஜோலி என்று பொய் சொல்லிக்கொண்டு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனதும், சம்பந்தியம்மா காபி போட உள்ளே போன நேரத்தில் கூட்டுக்குள் கை விட்டதும்.

சிவந்த விரல்கள்

கையை வெளியே எடுத்தேன். விரல் நுனியெல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்பு அசைந்தது.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இதற்கு மேல் வழவழவென்று பேசினால் எனக்கே கேவலம். எங்கள் வீட்டிலும் இருக்கிறது, பிள்ளையின் கையில் பொட்டுப் பொட்டாக இருந்தது, டாக்டரம்மா இரண்டு கூட்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொன்னார் என்று எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். காபி டம்ளரைக் கூட்டின் மேல் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு ஒரு மாசமாத் தெரியும்ணே.”

பக்கத்தில் நானும் குந்தினேன்.

“எம்புட்டோ வெந்நி ஊத்திட்டேன். வசம்பு அரைச்சுப் பூசிட்டேன். போகமாட்டங்கு. சொல்லிறலாம்னு நாலு தடவ போன எடுத்தேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “செள்ளு இருக்குன்னு தெரிஞ்சா பிள்ளைய அனுப்ப மாட்டீகளோன்னு பயந்துட்டேன்.”

நாங்கள் மரியாதை, குறை, பேச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் கணக்கெல்லாம் போடவில்லை. பிள்ளை வராமல் போய்விடுமோ என்று ஒரு மாதமாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

கை கழுவ வீட்டுக்குள் போனேன். உள் அறையில் உத்தரத்துக் கொக்கியில் புதுக் கயிறு போட்டுத் தொட்டில் கட்டித் தயாராக இருந்தது. தொட்டிலுக்குள் ஒரு தலையணை. கயிறு தாங்குமா என்று வைத்து ஆட்டிப் பார்த்ததாகச் சம்பந்தியம்மா பின்னாலிருந்து சொன்னார். எத்தனை நாளாக ஆட்டிப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அவரே ஆரம்பித்தார்.

“வெள்ளிக்கிழமை வேண்டாம்ணே. நாள் போனாப் போகுது. பிள்ளை மேல ஒண்ணு ஏறக் கூடாது.”

மூன்று வாரம் ஆகும் என்றேன். ஆகட்டும் என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கூட்டைப் பார்த்தார்.

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததென்று தெரியாது. பாக்கியத்தைக்கூடக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

“அந்த மூணு வாரமும் நீங்க அங்க வந்து இருங்க தங்கச்சி. இந்தக் கூட்ட நான் பாத்துக்கிடுதேன்.”

சம்பந்தி வீட்டில் பகலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ராத்தங்குவது எங்களுக்குள் வழக்கமில்லை. அதுவும் மாப்பிள்ளையின் அம்மா, பெண் வீட்டில் வாரக்கணக்கில் தங்குவதா? ஊர் என்ன சொல்லும் என்று அவர் கேட்டார்.

“ஊரு என்ன சொல்லும்னு பாத்துப் பாத்துத்தான் ரெண்டு வீட்டுலயும் செள்ளு வளத்தோம்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். மூன்று வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கோழிக்குக் காவல்

ராஜபாளையத்தில் பாக்கியமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நானுமாக ஒரே நாளில் ஆரம்பித்தோம். எங்கள் கூடு புதிது, ஒற்றைப் பலகை. அவள் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு போனில் என்னைக் கேலி செய்தாள். சம்பந்தியம்மா வீட்டுக் கூடு அப்படிப்பட்டதில்லை. மறைந்த சம்பந்தி பட்டாளத்திலிருந்து வந்ததும் தன் கையால் அடித்தது. இரட்டைப் பலகை, நடுவில் இடைவெளி, விரற்கடைக்கு ஒரு ஆணி. எல்லையில் பதுங்குகுழி கட்டிய மனுஷன் கோழிக்கும் அதையே கட்டியிருக்கிறார். செள்ளுக்கு அதைவிடச் சொகுசான பங்களா கிடைக்காது.

கொளுத்திவிட்டுப் புதிதாக ஒன்று அடித்துத் தருகிறேன் என்று, சம்பந்தியம்மா ராஜபாளையம் கிளம்பும்போதே சொல்லிப் பார்த்தேன்.

“அவிய அடிச்சதுண்ணே,” என்றார். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினேன். பலகை பலகையாகக் கழற்றி வெயிலில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மருந்தடித்து, சுண்ணாம்பு பூசினேன். பழைய வைக்கோலையும் கூளத்தையும் எரித்தேன். கோழிகளை அது வரைக்கும் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்தேன். ஒரு உடைந்த தொட்டியில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து வைத்ததும், கோழிகள் இறங்கிப் புரண்டு குளித்த குளியலைப் பார்க்க வேண்டுமே!

காலை முதல் பஸ்ஸில் போவேன். கோழிகளைத் திறந்துவிட்டு, இரை போட்டு, கூட்டைப் பார்த்துவிட்டு, இடையில் கோர்ட் வாசல் டீக்கடையில் போய் உட்காருவேன். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகுதான் திரும்ப பஸ் ஏறுவேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்கள் எதிரும் புதிருமாகப் போகிற நேரமெல்லாம் எனக்கு மறுபடி பழகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பால்கோவாக் கடைக்காரர்கள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தினமும் வருகிறவன் வாங்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய வக்கீல் குமாஸ்தா ஒருவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். “என்ன ஏட்டையா, திரும்பச் சேத்துக்கிட்டாகளா?” என்றார். ஆமாம், சம்பந்தி வீட்டுக் கோழிக்குக் காவல் என்றேன். நம்பவில்லை. ஏதோ பெரிய வழக்கு ரகசியம் என்று எண்ணிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

செள்ளு ஒழிகிறதா என்று பார்க்க டாக்டரம்மா ஒரு வழி சொல்லியிருந்தார். பொழுது அடையும்போது குறுக்குக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டு, விடிந்ததும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இருந்தால் துணியில் சிவப்பாகத் தெரியும். என் பழைய வேட்டியைப் பேத்திக்காகக் கிழித்து வைத்திருந்தாள் பாக்கியம். அதிலிருந்தே நாலு துண்டு எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரத் துணி குங்குமம் கொட்டியதுபோல இருந்தது. இரண்டாம் வாரம் ஏழெட்டுப் பொட்டு. ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று பெண்களுக்கும் காட்டுவேன். ஏதோ பரீட்சை பாஸ் பண்ணியவன்போல எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான் இல்லாத வீடு

அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படியோ மாறிப்போனது. முதல் இரண்டு நாள் பாக்கியமும் ராமலட்சுமி அம்மாளும் ‘நீங்க உக்காருங்க மதினி’, ‘நீங்க உக்காருங்க மதினி’ என்று ஒருவரையொருவர் உட்காரச் சொல்லியே களைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் குழம்புக்குப் புளி கூடிவிட்டது என்று இருவருக்கும் தர்க்கம். கார்த்திகா எனக்குப் போன் போட்டு, “அப்பா, ரெண்டு பேரும் சண்டை போடுறாங்க,” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

காலை நீட்டிப் பேத்தியைப் போட்டுக் குளிப்பாட்டுவது ராமலட்சுமி அம்மாளின் வேலை ஆயிற்று. பிள்ளை அவரிடம் அழுவதில்லை. ராத்திரி நான் வருகிறபோது பெரும்பாலும் தூங்கியிருப்பாள். விழித்திருக்கிற நாளில் என் சத்தம் கேட்டு வாசல் பக்கம் தலையைத் திருப்புவாள். அதற்காகவே நான் வாசலில் செருப்பை ஓங்கிப் போடுவேன்.

ஒருநாள் போன் வந்தது. பேத்தி முதல்முதலாகக் குப்புற விழுந்துவிட்டாள். பாட்டிகள் இரண்டு பேரும் பார்த்தார்கள். வடக்கே இருந்த மாப்பிள்ளைகூட வீடியோ காலில் பார்த்துவிட்டார். அந்த நேரத்தில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சேவலைப் பஞ்சாரத்துக்குள் விரட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மருந்தடிக்கிற பம்பைக் கீழே வைத்துவிட்டுச் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது துணி

மூன்றாம் வாரம் முடிந்து துணியை அவிழ்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் பிடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றுமில்லை. கோழிகளின் கொண்டையெல்லாம் செவ்வரளிப் பூவாகச் சிவந்திருந்தது. எங்கள் வீட்டுக் கூடு முந்தின வாரமே சுத்தமாகிவிட்டது.

துணியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். பாதி வழி வரை உற்சாகமாகத்தான் இருந்தேன். அதற்கப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இந்தத் துணி வெள்ளையாக இருந்தால் பிள்ளை போய்விடுவாள். இவ்வளவு நாளும் பேத்தியை வீட்டை விட்டு அனுப்பத்தான் நான் விடிகாலையில் எழுந்து பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது, அரை மணி நேரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மணி நேரம்தான். ஆனால் வாசலில் செருப்பை ஓங்கிப் போட்டால் தலை திருப்ப ஆள் இருக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இதே துணியில் எங்கேயாவது ஒரு சிவப்புப் பொட்டு விழக்கூடாதா என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தேன். என் நெற்றியிலேயே குங்குமம் இருந்தது. விரலை அதுவரைக்கும் கொண்டுபோய்விட்டு இறக்கினேன்.

வீட்டில் துணியை முதலில் பாக்கியம் வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக வடிந்ததை நான் பார்த்தேன். கார்த்திகாவிடம் கொடுத்தாள். கார்த்திகா பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்தாள்.

ராமலட்சுமி அம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்டி, மடியில் போட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். “இங்க குடுங்க,” என்று கையை நீட்டினார்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். துணியை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பாக்கியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள் அறையில் புதுக் கயிற்றுத் தொட்டிலில் தலையணையை வைத்து ஆட்டிக்கொண்டிருந்த பெண் அவர். எங்கள் எல்லோரையும்விட அந்த வெள்ளைத் துணிக்காகக் காத்திருந்தவர்.

“இந்த ஓரத்துல ஒண்ணு சிவப்பாத் தெரியுதேண்ணே,” என்றார். “இன்னும் ஒரு வாரம் போகட்டும்.”

துணியை என்னிடம் நீட்டினார். வாங்கி அவர் காட்டிய ஓரத்தைப் பார்த்தேன். துவைத்து வெளுத்த வேட்டித் துணி, அப்பழுக்கில்லாமல் இருந்தது.

“ஆமா தங்கச்சி,” என்றேன். “இருக்கு.”